21,000 வாக்காளர்களுக்கு ஓர் எம்.பி.: ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள் எப்படி வாக்களிக்கின்றன?

கேள்வி இரண்டு பகுதியாக வந்தது. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஒரு தொகுதிக்குச் சுமார் 73,000 வாக்காளர் என்று கணக்கு வைத்திருக்கும்போது, ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கு மட்டும் வெறும் 21,000 பேருக்கு ஓர் எம்.பி. ஏன்? அங்கே தனிநாடு கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியும் (எஸ்.என்.பி.), பிரிட்டனோடு ஒன்றியம் தொடர வேண்டும் என்னும் தொழிற்கட்சியும் மாறி மாறி வருகின்றனவே, அந்த மக்கள் ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்கிறவர்களா, வேண்டாம் என்கிறவர்களா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்தத் தொகுதியைத் தனிநாடு, ஒன்றியம் என்ற அளவுகோலால் அளந்தால் ஒன்றுமே புரியாது. இங்கே வாக்கைத் தீர்மானிப்பவை வேறு: நிலம், கடல், கப்பல், அப்புறம் 'இவன் நம்ம ஊர்ப் பிள்ளையா' என்ற கேள்வி. 1935 முதல் இன்றுவரை இங்கே மொத்தம் ஐந்தே ஐந்து எம்.பி.க்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் பதினேழு, பதினெட்டு, முப்பத்தைந்து வருடம்கூட வைத்திருக்கிறார்கள். மனம் விட்டுப்போனால் ஒரே தேர்தலில் இறக்கிவிடுகிறார்கள்.

முதலில் இடம். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலின் விளிம்பில், வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 200 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் தீவுச் சங்கிலி இது. மேலே லூயிஸும் ஹாரிஸும். இரண்டும் உண்மையில் ஒரே நிலம்தான், ஆனால் அங்கே போய் அப்படிச் சொல்லக்கூடாது. கீழே வட யூயிஸ்ட், பென்பெக்யூலா, தென் யூயிஸ்ட், கடைக்கோடியில் பாரா. ஊர் என்று சொல்லும்படி இருப்பது லூயிஸில் உள்ள ஸ்டோர்னோவே ஒன்றுதான். மொத்த மக்கள்தொகை 26,000 சொச்சம். தொகுதி 1918இல் 'வெஸ்டர்ன் ஐல்ஸ்' என்ற பெயரில் உருவானது. 2005இல் அங்குள்ளவர்களின் பழைய தாய்மொழியான கேலிக்கில் உள்ள பெயரே அதிகாரப்பூர்வப் பெயராயிற்று: நா ஹெலேனன் அன் யீர். பொருள் அதேதான், மேற்குத் தீவுகள்.

லூயிஸ், ஹாரிஸ், வட யூயிஸ்ட் மூன்றும் கண்டிப்பான பிரஸ்பிடேரியன் (புராட்டஸ்டண்ட்) சபைகளின் பூமி. ஞாயிறு என்றால் கடை கிடையாது, துணி காயப்போடுவதுகூடக் கிடையாது என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் ஓடத் தொடங்கியதே 2009 ஜூலையில்தான். தென் யூயிஸ்டும் பாராவும் கத்தோலிக்கத் தீவுகள். பென்பெக்யூலா நடுவில் இரண்டும் கலந்தது. வேறு பல நாடுகளில் இப்படி ஒரு மதக் கோடு இருந்தால் கட்சிகள் அதன்மேலேயே கூடாரம் போட்டிருக்கும். இங்கே அது நடக்கவில்லை. லூயிஸ்காரரும் ஜெயித்திருக்கிறார், பாராக்காரரும் ஜெயித்திருக்கிறார். இந்த மக்களைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

இனி நிலத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இந்தத் தொகுதியின் தேர்தல் கதையைச் சொல்ல முடியாது.

இங்குள்ள கிராமத்துக் குடும்பம் வைத்திருப்பது 'கிராஃப்ட்' என்ற சிறு துண்டு நிலம். கொஞ்சம் உருளைக்கிழங்கு, கொஞ்சம் ஓட்ஸ், ஒரு மாடு, ஊர்ப் பொது மேய்ச்சலில் சில ஆடுகள். அது மட்டும் போதாது என்பதால் மீன்பிடி, நெசவு, கப்பல் வேலை என்று எதையாவது சேர்த்துத்தான் பிழைப்பு. நிலம் ஜமீனுடையது, இவர்கள் குத்தகைக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் கிராமம் கிராமமாக மக்களைக் கிளப்பிக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். 1884இல் வாக்குரிமை விரிந்தது. மறுவருடமே கிராஃப்ட் வைத்திருக்கும் கிராஃப்டர்களின் வேட்பாளர்கள், ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலண்ட்ஸில் ஜமீன் ஆட்களைத் தோற்கடித்து நாடாளுமன்றம் போனார்கள். 1886இல் சட்டம் வந்தது: குத்தகைக்காரரை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது, வாரிசுக்கு நிலத்தைக் கொடுக்கலாம். வாக்குச் சீட்டு போட்டால் நிலம் கையில் நிற்கும் என்பதை இந்தத் தீவுகள் அப்போதே கண்ணால் பார்த்துவிட்டன.

தனித் தொகுதியாக முதல் தேர்தல் 1918 டிசம்பரில். முதல் உலகப்போர் முடிந்து ஒரு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது. ஜெயித்தவர் லூயிஸில் மருத்துவராக இருந்த லிபரல் கட்சியின் டொனால்ட் மர்ரி. அடுத்து நடந்ததை இன்றும் அங்கே தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். 1919 ஜனவரி 1, விடிவதற்கு முன்னால், போரிலிருந்து திரும்பிய கடற்படை வீரர்களை ஏற்றிவந்த 'அயலேர்' என்ற கப்பல் ஸ்டோர்னோவே துறைமுக வாயிலில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பாறையில் மோதியது. 201 பேர் இறந்தார்கள். நான்கு வருடப் போரில் தப்பியவர்கள் புத்தாண்டு காலையில் சொந்த ஊர்க் கரையில் பிணமாக ஒதுங்கினார்கள். லூயிஸில் துக்கம் நுழையாத கிராமம் இல்லை.

அந்தச் சமயத்தில் லூயிஸ் தீவு முழுவதற்கும் சொந்தக்காரர் லார்ட் லெவர்ஹியூம். பெயர் புதிதாகத் தோன்றலாம், ஆனால் நம் வீட்டுக் குளியலறைக்கு அவர் பழையவர்: லைஃப்பாய் சோப்பின் லீவர் கம்பெனியை நிறுவியவர். 1918இல் லூயிஸை வாங்கினார், அடுத்த வருடம் ஹாரிஸையும் வாங்கினார். ஸ்டோர்னோவேயைப் பெரிய மீன் தொழில் நகரமாக்குவது திட்டம். பதப்படுத்தும் ஆலை, பனிக்கட்டித் தொழிற்சாலை, கூலி வேலை எல்லாம் தருவதாகச் சொன்னார். ஆனால் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு நிலம் தருவதாக அரசு வாக்குக் கொடுத்திருந்தது. அவர்கள் கேட்டதும் நிலம்தான். ஊருக்குப் பக்கத்திலிருந்த கிரெஸ், கோல் பண்ணைகள் நகரத்துப் பாலுக்கு வேண்டும் என்று லெவர்ஹியூம் பிடிவாதமாக நின்றார். இளைஞர்கள் நேரே பண்ணைக்குள் நுழைந்து, வேலியடித்து, மாட்டைக் கட்டி, உருளைக்கிழங்கு நட்டார்கள். இங்கே யாரும் பணத்தை வெறுக்கவில்லை. கூலி வேலையைத் தருகிறவன் நாளைக்கு நிறுத்தலாம், கிராஃப்ட்டை யாரும் பிடுங்க முடியாது என்ற கணக்கு அது. என்னைக் கேட்டால் சரியான கணக்கு.

கடைசியில் 1923இல் லெவர்ஹியூம் லூயிஸிலிருந்து விலகினார். போகும்போது நிலத்தைத் தீவு மக்களுக்கே தருவதாகச் சொன்னார். ஸ்டோர்னோவே வட்டாரம் ஏற்றுக்கொண்டது. அப்படிப் பிறந்த ஸ்டோர்னோவே டிரஸ்ட் நூறு வருடம் தாண்டி இன்றும் இருக்கிறது, அதன் அறங்காவலர்களை அங்குள்ள மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தங்கள் ஜமீனைத் தாங்களே தேர்தல் வைத்து நியமிக்கிற ஊர்! அதே 1923 ஏப்ரலில்தான் சுமார் 300 இளைஞர்களும் பெண்களும் 'மெட்டகாமா' கப்பலில் ஸ்டோர்னோவேயிலிருந்து கனடாவுக்குப் போனார்கள். இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தன என்பதை மறக்கக்கூடாது. நிலம் கிடைத்தவர் தங்கினார், கிடைக்காதவர் கிளம்பினார்.

1920கள் லிபரல் கட்சிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்த காலம், அதை விட்டுவிடலாம். 1935தான் முக்கியமான வருடம். ஸ்டோர்னோவேயைச் சேர்ந்த 22 வயது மால்கம் மெக்மில்லன் தொழிற்கட்சி சார்பில் ஜெயித்தார். அந்த நாடாளுமன்றத்திலேயே வயதில் சிறியவர். அதே தேர்தலில் அவரோடு மோதியவர்களில் ஒருவர் சர் அலெக்சாண்டர் மெக்யூவன், அப்போது பிறந்து ஒரு வருடமே ஆன ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் முதல் தலைவர். தோற்றாலும் சுமார் 28 சதவீத வாக்கு வாங்கினார். ஆக, எஸ்.என்.பி. இங்கே திடீரென்று முளைத்த கட்சி அல்ல.

1945 தேர்தலில் நடந்த ஒரு சம்பவம் இந்தத் தொகுதியின் குணத்தை நன்றாகக் காட்டும். பிற்காலத்தில் பிரிட்டனின் நிதியமைச்சரான இயன் மெக்லியட், லூயிஸ் வம்சாவளி. கன்சர்வேடிவ் வேட்பாளராக இங்கே நின்றார். கட்சிக்குத் தொகுதியில் அமைப்பே இல்லை. அவருடைய அப்பா கூட்டம் போட்டார், வந்தவர்கள் அப்பாவும் மகனும் மட்டும். அப்பா தலைவரானார், மகன் வேட்பாளரானார். 2,756 வாக்கு வாங்கிக் கடைசி இடம். இன்றுவரை கன்சர்வேடிவ் கட்சி இந்தத் தொகுதியை ஜெயித்ததே இல்லை. 2005இல் ஒரு கிறிஸ்தவக் கட்சி வேட்பாளர் 1,048 வாக்கு வாங்க, கன்சர்வேடிவ் 610 வாக்கோடு டெபாசிட் இழந்தது. ஜமீன்களின் கட்சி என்ற பழைய நினைவு அவ்வளவு சீக்கிரம் போகாது.

மெக்மில்லன் 35 வருடம் இருந்தார். 1970இல் அவரைத் தோற்கடித்தவர் டொனால்ட் ஸ்டூவர்ட். வித்தியாசம் 726 வாக்கு. ஸ்காட்லாந்து அரசியலைப் படிப்பவர்கள் இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பார்கள், ஏனென்றால் ஒரு பொதுத் தேர்தலில் எஸ்.என்.பி. ஜெயித்த முதல் இடம் இதுதான். மூன்று வருடம் முன்பு ஹாமில்டன் இடைத்தேர்தலில் வின்னி யூவிங் ஜெயித்துப் பெரிய அலை எழுப்பியிருந்தார். அந்த இடமும் 1970இல் போய்விட்டது. நாடு முழுக்கத் துடைத்தெடுக்கப்பட்ட கட்சிக்குக் கிடைத்தது யாரும் எதிர்பார்க்காத இந்தத் தீவு மட்டும்.

ஏன் ஸ்டூவர்ட்? அவர் ஸ்டோர்னோவே நகரத் தலைவராக இருந்தவர், ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி ஆலையை நடத்தியவர். ட்வீட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பளியைச் சாயமேற்றி நூற்பது ஆலையில், ஆனால் நெசவு நெசவாளரின் வீட்டில்தான் நடக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே காலால் மிதித்து ஓட்டும் தறி, சாலையில் நடந்து போனால் அந்தத் தடதட சத்தம் கேட்கும். பாவு நூலும் ஊடை நூலும் ஆலை வண்டியில் வீட்டு வாசலுக்கு வரும், நெய்த துணி அதே வண்டியில் திரும்பும். இந்தத் தீவுகளில், வீட்டில், கையால் நெய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்பதை 1993இல் தனிச் சட்டமாகவே போட்டார்கள். நம்மூர்க் கைத்தறிக்காரருக்கு இது ஏக்கத்தைத் தரும் சட்டம். விஷயம் என்னவென்றால், ஆலைக்காரர் ஒருவருக்குத் தீவின் ஒவ்வொரு கிராமத்திலும் எந்த வீட்டில் தறி ஓடுகிறது என்று தெரியும். எந்தக் கட்சி அமைப்பாலும் அந்தப் பழக்கத்தைக் கட்டியெழுப்ப முடியாது. 35 வருடத்தில் மெக்மில்லன் தொலைவாகிப் போயிருந்தார், ஸ்டூவர்ட் பக்கத்து வீட்டுக்காரர்.

ஸ்டூவர்ட் 1974 முதல் எஸ்.என்.பி. நாடாளுமன்றக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அந்த வருட அக்டோபரில் கட்சிக்கு 11 இடம், 1979இல் 2 இடம். அந்த இரண்டில் ஒன்று இது. 1981இல் கேலிக் மொழிக்கு உரிமை கேட்டு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அதை நேரம் தீரும்வரை பேசியே கொன்றார்கள். தாய்மொழிக்காக ஒருவர் சபையில் எழுந்து நிற்பதும், எதிரே இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேச்சை இழுப்பதும் நமக்குக் கோபம் வரவழைக்கிற காட்சி. 2011 கணக்கெடுப்பில்கூட இங்கே 52 சதவீதம் பேர் கேலிக் பேசினார்கள். ஸ்காட்லாந்தில் வேறு எந்த உள்ளாட்சிப் பகுதியும் இதன் பக்கத்தில் வராது. அடுத்த கணக்கெடுப்பில் அது பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

1975இல் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் நீடிக்கலாமா என்று பிரிட்டன் முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. 'வேண்டாம்' என்று சொன்ன பகுதிகள் இரண்டே இரண்டு: ஸ்காட்லாந்தின் வடகோடித் தீவுகளான ஷெட்லாண்டும் மேற்குத் தீவுகளும். இங்கே 70.5 சதவீதம் எதிர்ப்பு, நாட்டிலேயே அதிகம். மீன்வளம் போய்விடும், லண்டனே எட்டாத்தூரம், பிரஸல்ஸ் இன்னும் தூரம் என்ற பயம். சரி, 2016இல்? 55.2 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்றார்கள். நடுவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1982இல் ஐரோப்பியப் பணத்தில் இந்தத் தீவுகளுக்கென்றே தனி வளர்ச்சித் திட்டம் வந்தது. மேய்ச்சல் நிலம் சீரானது, சாலையும் துறைமுகமும் வந்தன. 1990களில் தீவுக்கும் தீவுக்கும் இடையே கல் பாலங்கள் எழுந்தன. பணம் எங்கிருந்து வந்தது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. மக்கள் அதைப் படித்தார்கள். அவர்கள் கொள்கை மாறவில்லை. ஊருக்கு எது நல்லது என்று 1975இல் கேட்ட அதே கேள்வியைத்தான் 2016இலும் கேட்டார்கள், விடை மாறியிருந்தது.

1987இல் ஸ்டூவர்ட் ஓய்வு பெற்றார். 1935க்குப் பிறகு இந்தத் தொகுதியில் தோற்காமல் தானே விலகிய ஒரே எம்.பி. அவர்தான். கட்சி போட்ட அடுத்த ஆள் எடுபடவில்லை, தொழிற்கட்சியின் கேலம் மெக்டொனால்ட் ஜெயித்தார். லூயிஸ்காரர், 18 வருடம் இருந்தார். அவர் காலத்தில்தான் 1991இல் பி.சி.சி.ஐ. வங்கி கவிழ்ந்து (கிரிக்கெட் வாரியம் அல்ல, கிரெடிட் அண்ட் காமர்ஸ் வங்கி) தீவுகளின் கவுன்சில் 2.3 கோடி பவுண்டை இழந்தது. இவ்வளவு சின்ன மக்கள்தொகைக்கு அது எவ்வளவு பெரிய அடி! கோபம் கவுன்சில்மேல் போனது, எம்.பி. தப்பினார். 1997இல் அவரது முன்னிலை 3,576. 2001இல் அதுவே 1,074 ஆகக் கரைந்தது. 2005இல் பாராத் தீவின் கிராஃப்டர், கேலிக் பேசும் ஆங்கஸ் மெக்நீல், எஸ்.என்.பி. சார்பில் 1,441 வாக்கு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார்.

இங்கேதான் கேள்வியின் முடிச்சு அவிழ்கிறது. எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்தின் சொந்த நாடாளுமன்றத்துக்கு 2007, 2011, 2016, 2021இல் நடந்த தேர்தல்களில் இங்கே வரிசையாக எஸ்.என்.பி.யின் அலாஸ்டெர் ஆலன். வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தில், மெக்நீல். அப்படியானால் 2014 தனிநாடு வாக்கெடுப்பில் இந்தத் தீவுகள் 'ஆம்' என்றிருக்க வேண்டும் அல்லவா? 53.4 சதவீதம் 'இல்லை' என்றது. 86 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு, அதனால் யாரோ வீட்டில் இருந்துவிட்டார்கள் என்று சாக்குச் சொல்ல முடியாது. எட்டே மாதம் கழித்து 2015 மே மாதத்தில் அதே மெக்நீலுக்கு 54.3 சதவீதம் கொடுத்து 4,102 வாக்கு முன்னிலையில் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் அந்த முன்னிலை 1,007க்கு வந்தது, 2019இல் 2,438க்கு ஏறியது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. கட்சி வேறு, ஆள் வேறு, நாட்டின் எல்லை வேறு என்று மூன்றையும் தனித்தனியாக எடைபோடுகிற வாக்காளர்கள் இவர்கள்.

2024 முடிவைப் பலரும் 'வாக்குப் பிரிந்ததால் எஸ்.என்.பி. தோற்றது' என்று எழுதினார்கள். 2023இல் மெக்நீல் கட்சிக் கொறடாவோடு மோதி இடைநீக்கம் ஆனார், பிறகு வெளியேற்றப்பட்டார், சுயேச்சையாக நின்றார். உண்மைதான். ஆனால் எண்களைக் கூட்டிப் பாருங்கள். தொழிற்கட்சியின் டொர்குல் கிரைட்டன் 6,692. எஸ்.என்.பி. 2,856. மெக்நீல் 1,068. பின்னிரண்டையும் சேர்த்தாலும் 3,924தான். பிரியாமல் இருந்தாலும் தோல்விதான்.

காரணம் கடலில் இருந்தது. தீவுக்கு அரிசியும் மாவும் வருவது கப்பலில், ஆஸ்பத்திரிக்குப் போவது கப்பலில், கன்றை விற்கச் சந்தைக்கு அனுப்புவதும் கப்பலில். அரசுக்குச் சொந்தமான கால்மேக் கம்பெனியின் கப்பல்கள் கிழடாகி, பழுதாகி, பயணங்கள் ரத்தாகிக்கொண்டே இருந்தன. 2023 கோடையில் தென் யூயிஸ்டின் லாக்பாய்ஸ்டேல் துறைமுகத்துக்குச் சேவை வாரக்கணக்கில் நின்றபோது, மக்கள் கார், லாரி, டிராக்டரோடு துறைமுகத்தில் திரண்டார்கள். கடைக்காரர், விடுதிக்காரர், மீனவர் எல்லோரும் இருந்தார்கள். அதே சமயத்தில் கடலின் பத்தில் ஒரு பங்கில் மீன்பிடியைத் தடைசெய்யும் திட்டத்தை எடின்பரோ அரசு கொண்டுவந்தது. எதிர்ப்பு வலுத்து, அந்த ஜூன் மாதமே அதைக் கைவிட்டது. ஆனால் பழைய காயம் கீறப்பட்டுவிட்டது. அன்று நிலத்திலிருந்து விரட்டினார்கள், இன்று கடலிலிருந்தா? 2007 முதல் எடின்பரோவில் ஆட்சியில் இருந்தது எஸ்.என்.பி. கோபம் போக வேறு இடம் இல்லை. கிரைட்டன் லூயிஸ்காரர், பத்திரிகையாளர், கேலிக் பேசுபவர். மறுபடியும் ஊர்ப் பிள்ளை.

இனி முதல் கேள்வி, 21,000 பேருக்கு ஓர் எம்.பி. ஏன்? நேரடி விடை: சட்டம் அப்படி. 2011இல் தொகுதிகளைச் சமப்படுத்தச் சட்டம் போட்டபோது, இந்தத் தொகுதிக்கும் ஆர்க்னி–ஷெட்லாண்டுக்கும் பெயர் சொல்லி விலக்கு கொடுத்தார்கள். மறுபக்கம் இங்கிலாந்தின் வைட் தீவில் 1,10,000க்கு மேற்பட்டவர்களுக்கு 2024வரை ஒரே எம்.பி. 'இது அநியாயம், நிலப்பகுதியோடு சேர்த்துவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் சேர்த்தால் என்ன ஆகும்? 73,000 வாக்காளர் தொகுதியில் தீவுக்காரர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கமாட்டார்கள். கேலிக் பேசும் ஓர் எம்.பி. சபைக்குப் போவது அவ்வளவு சுலபமாக நடக்காது, கப்பல் பிரச்சினை கடைசிப் பக்கத்துக்குப் போகும். தலைக்கணக்கில் சமத்துவம் என்பது நல்ல விதி, அதற்கு இரண்டு மூன்று விலக்கு இருந்தால் ஜனநாயகம் கெட்டுவிடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்கள் இருந்த காலத்தில் இந்தத் தீவுகளின் தனித்தன்மையை நாடே ஒருமுறை உணர்ந்தது. அந்தத் தேர்தலின் எண்ணிக்கை ஞாயிறு இரவு. 2014இல் ஸ்காட்லாந்து முழுக்க எண்ணி முடித்துவிட்டார்கள், மேற்குத் தீவுகளின் பெட்டிகள் மட்டும் திறக்கப்படவில்லை. ஓய்வுநாளில் எண்ணமாட்டோம் என்று கவுன்சில் சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்தின் ஆறு உறுப்பினர்கள் யார் என்ற அதிகாரப்பூர்வ முடிவு, ஆறாவது இடத்துக்கான இழுபறி உட்பட, திங்கட்கிழமைவரை காத்திருந்தது. யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் தூரம். ஸ்டோர்னோவேயிலிருந்து பாராவுக்குத் தரைவழி போனால் நடுவே இரண்டு கப்பல் மாற வேண்டும், காற்று அடித்தால் இரண்டும் இருக்காது. விமானத்தில் போகலாம். ஆனால் பாராவில் ஓடுபாதை கிடையாது. விமானம் இறங்குவது கடற்கரை மணலில், அலை வற்றியிருக்கும் நேரத்தில். அது இறங்கியபின் அதே மணலில் சிப்பி பொறுக்க ஆட்கள் வருவார்கள், சில மணி நேரத்தில் கடல் வந்து மூடிவிடும். அங்கே வாக்காளரைச் சந்திக்கப் போகும் எம்.பி., தன் சந்திப்பு நேரத்தைக் கடலின் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துத்தான் குறித்தாக வேண்டும்.